பதிவு நோட்டில் இருந்த உயரம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அப்பாவின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது; மாத்திரையை மட்டும் இன்னமும் நான் நினைவூட்டினால்தான் போட்டுக்கொள்கிறார். இந்தக் கடிதத்தை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசலாம் என்றால் உன் அழைப்பு வந்தவுடன் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். நீ இப்போது கடலில் இருந்தால் இது கரையில் உனக்காகக் காத்திருக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது உன் அழுக்குத் துணிகளைத் துவைக்க எடுத்தேன். எத்தனை முறை அலசினாலும் போகாத அந்த டீசல் வாடைக்காக உன் உடைகளை அப்பாவின் சட்டைகளோடு சேர்த்து நான் ஒருநாளும் ஊறவைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். பையின் அடியில் ஒரு சிறிய பதிவு நோட்டு இருந்தது. வரிசை எண், தேதி, இடம், உயரம், விநாடி, கையொப்பம் எனக் கட்டங்கள் போட்டு உன் கையெழுத்தில் நிரப்பியிருந்தாய். மேலே ‘டைவ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் உன் நீர்மூழ்கிக் கப்பல் சம்பந்தமான ஆவணம், நாம் பார்க்கக் கூடாது என்று மூடிவிட்டேன். ஆனால் மூடுவதற்குள் ஓர் எண் கண்ணில் பட்டுவிட்டது: 10,000 அடி. சில நூறு மீட்டர்களுக்குக் கீழே போகாத உங்கள் கப்பல் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் என்ன செய்யும்? அப்படி ஒரு நீர்மூழ்கி அங்கே போனால் திரும்பி வந்து நோட்டு எழுத யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடியும் திறந்தேன். அடுத்த கட்டத்தில் 35 விநாடி என்று இருந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காற்றே இல்லாவிட்டால் அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் 25 விநாடிகளில் தரையைத் தொட்டிருக்கும். முப்பத்தைந்து விநாடிகள் விழுந்த பிறகும் நீ தரைக்கு நெடுந்தொலைவு மேலே இருந்திருக்கிறாய் என்றால், காற்று உன்னைத் தாங்கியிருக்கிறது. விமானத்திலிருந்து குதித்த நீ அதன் பிறகு பாராசூட்டை விரித்திருக்கிறாய். சலவைத்தூள் காய்ந்த கையோடு துவைகல்லின் மேல் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டேன். பிறகு நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நீ கேட்ட கருணைக்கிழங்கு வறுவலைச் செய்யப் போனேன். அன்று அதில் உப்பு கூடியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

அதன் பிறகு நான்கு மாதங்களாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பயத்தைப் போக்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உங்கள் கப்பலின் ஆழமானியும், குதிக்கும்போது உன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் உயரமானியும் அளப்பது ஒன்றையேதான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டும் அழுத்தத்தை அளந்து, அதை மீட்டராகவும் அடியாகவும் மாற்றிச் சொல்கின்றன. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிவிடும். வானத்திலோ அது பாதியாகக் குறைவதற்கு 18,000 அடி ஏற வேண்டும். பள்ளி ஆய்வகப் பாரமானியில் 76 சென்டிமீட்டரில் நிற்கும் பாதரசம், நீ விமானத்தின் கதவருகில் நிற்கும் உயரத்தில் 52 சென்டிமீட்டருக்கு இறங்கியிருக்கும். மற்றவர்கள் வெளியே எட்டிப் பார்த்து உயரத்தை உணர்வார்கள். கண்ணை நம்பாமல் கருவியை நம்பிப் பழகிய நீங்கள் மணிக்கட்டைத்தான் முதலில் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் ஸ்டோக்ஸ் முறையை நான் எத்தனை முறை செய்து காட்டியிருப்பேன்! உயரமான கண்ணாடிக் குழாயில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி, ஒரு சிறு இரும்புக் குண்டை மேலிருந்து விட வேண்டும். தொடக்கத்தில் வேகம் கூடும். சற்று நேரத்தில் எடையும் எதிர்விசைகளும் சமமாகி, குண்டு ஒரே வேகத்தில் அமைதியாக இறங்கும். அதைத்தான் முற்றுத் திசைவேகம் என்கிறோம். (எண்ணெயில் இழுவிசை வேகத்துக்கு நேர்விகிதத்திலும், உன் விஷயத்தில் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்பதை நீ சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.) வயிறு கீழ்நோக்கியபடி கைகால்களை விரித்து விழும் மனிதன் சுமார் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, அதன்பின் அதே வேகத்தில் இறங்குகிறான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நம் வீட்டு வேப்ப மரத்தைச் சாய்த்ததே, அந்தக் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் வீசியதாகச் சொன்னார்கள். கதவை மூவரும் சேர்ந்து அழுத்திப் பிடித்திருந்தோம். கணக்குப்படி அதைப் போல இரு மடங்கு விசையின்மேல் நீ குப்புறப் படுத்திருக்கிறாய். நீரில் கப்பலின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சரிசமமாக நின்றால்தான் உங்களால் மேலும் போகாமல் கீழும் போகாமல் இருக்க முடியும் அல்லவா? இரு விசைகள் சமமாகும் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்வதே உனக்குத் தொழில். விடுமுறையிலும் அதையேதான் செய்கிறாய்.

ஆழம், உயரம் என்ற இந்த இரண்டு பைத்தியங்களும் ஒரே வீட்டில் இருந்ததற்கு முன்னுதாரணமும் கிடைத்தது. பெல்ஜியத்தில் பேராசிரியராக இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஓகுஸ்த் பிக்கார், 1931இல் காற்று புகாத கோளம் ஒன்றைப் பலூனில் கட்டிக்கொண்டு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரம் சென்றார். பிறகு அதே யோசனையைத் தலைகீழாக்கிக் கடலுக்குள் இறங்கும் கலத்தை வடிவமைத்தார். பலூனில் இலேசான வாயு இருந்த இடத்தில், இதில் நீரைவிட இலேசான பெட்ரோல் நிரப்பிய மிதவை. மேலே வருவதற்கு இரும்புக் குண்டுகளைக் கழற்றிவிட வேண்டும். 1953இல், 69 வயதில், அவர் தம் மகன் ழாக்கை உடன் அழைத்துக்கொண்டு இத்தாலிக் கடலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்வந்தார். அந்த மகன்தான் 1960 ஜனவரி 23 அன்று, டான் வால்ஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதிகாரியோடு, பசிபிக்கின் மிக ஆழமான இடத்தில், ஏறத்தாழ 10.9 கிலோமீட்டர் கீழே, தரையைத் தொட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜோசப் கிட்டிங்கர் 31 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். இதையெல்லாம் படித்தபோது என் கோபம் ஓரளவு தணிந்தது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனி: அந்தத் தந்தைக்கு மகன் எங்கே இறங்குகிறான் என்பது தெரிந்திருந்தது.

என் மனக்குறை அதுதான். உயரமோ வேகமோ அன்று. நீ நீர்மூழ்கிப் பிரிவில் சேர விரும்பியபோது நாங்கள் தடுக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் உன்னைத் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கமே விடாதவள் நான். 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் சிந்துரட்சக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தபோது நீ பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தாய். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் மூவரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். அதன் பிறகும் உன் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்திட்டார். நீ நீர்மூழ்கி வீரர்களுக்கான டால்பின் சின்னம் பெற்ற ஆண்டில் விசாகப்பட்டினம் வந்து, கடற்கரையில் கரையேற்றி வைத்திருக்கும் பழைய நீர்மூழ்கியான குர்சுராவுக்குள் நுழைந்தோமே, 91 மீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் கடைசி அறைவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வெளியே வந்து கடலைப் பார்த்ததும் என் கால்கள் தாமாகவே வேகமாகப் படியிறங்கின. பதினைந்து நிமிடங்களுக்கே எனக்கு அப்படி என்றால், வாரக்கணக்கில் பகலும் இரவும் ஒரே விளக்கொளியாக, வெளியே பார்ப்பதற்குப் பெரிஸ்கோப் ஒன்றைத் தவிர வேறில்லாமல், அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பார்க்க முடிந்த நிலையில் வாழ்கிற உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் கிளுகிளுப்புக்காகக் குதிக்கிறீர்கள் என்று நான் நம்பவில்லை. தொடுவானத்தை முழு வட்டமாக ஒரு தடவை பார்ப்பதற்காகக் குதிக்கிறீர்கள். நோட்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் உன் கப்பல் தோழர்கள் இருவரின் கையொப்பமும் இருந்தது அதை உறுதிப்படுத்துகிறது.

நீ கடலுக்குப் போகும் நாளையும் திரும்பும் நாளையும் எங்களிடம் சொல்லக் கூடாது. நாங்களும் கேட்கக் கூடாது. அதை மதித்து நடக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நின்றுவிட்டால் அப்பா நாட்காட்டியில் ஒரு புள்ளி வைப்பார். இரட்டை டிக் வந்த அன்று இன்னொரு புள்ளி. இடைப்பட்ட நாட்களைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே கிடையாது. ஆனால் நோட்டில் இருந்த தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டேன். அத்தனையும் நீ கரையில் இருந்த நாட்கள். நண்பனின் திருமணம் என்று ஹரியானாவுக்குப் போனாயே, அந்த மூன்று நாட்களும் அங்கே பாராசூட்டோடு குதிக்கும் நார்னௌல் ஓடுதளத்தில் இருந்திருக்கிறாய். திருமணத்துக்கு மொய் எவ்வளவு எழுதினாய் என்று அப்பா கேட்க, ஐந்நூறு என்று நீ தயங்காமல் பதில் சொன்னாய். கப்பலின் மௌனம் நாட்டுக்கானது. நார்னௌலில் எந்த இராணுவ இரகசியம் இருக்கிறது, தம்பி? நீ அந்தப் பழக்கத்தை விடுப்பிலும் கழற்றிவைக்க மறந்துவிட்டாய். இப்போது உன்னால் நானும் நான்கு மாதங்களாக அப்பாவிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் இது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

குதிப்பதை நிறுத்து என்று நான் எழுதப் போவதில்லை. மாற்றுப் பாராசூட்டை உரிமம் பெற்றவர்தான் மடிக்க வேண்டும் என்பதையும், நீ நினைவிழந்து விழுந்தால்கூட அழுத்தத்தையும் வேகத்தையும் உணர்ந்து அதைத் தானே விரிக்கும் கருவி இருக்கிறது என்பதையும் படித்து அறிந்துகொண்டேன். ஆனால் முதன்மைப் பாராசூட்டை நீயே மடிக்கிறாய் அல்லவா? கப்பலில் நீ ஒரு வால்வைத் திறந்தால் அதைச் சரிபார்க்க இன்னொருவர் இருக்கிறார். பாய் விரித்து மடிக்கும் இடத்தில் உன் கைகள் மட்டும்தான். துண்டு துண்டாக உறங்கிப் பழகிய உடம்போடு கரையிறங்கிய மறுநாளே அதைத் தொடாதே. இரண்டு இரவுகள் முழுதாக உறங்கிய பிறகு போ. மற்றொன்று, குடை நன்றாக விரிந்த பிறகு, தரைக்கு அருகில் வேகமாகத் திரும்ப முயன்று அடிபட்டவர்கள் பலர் என்று படித்தேன். கடலில் துறைமுகத்தை நெருங்கும்போது நீங்கள் எப்படி வேகத்தைக் குறைப்பீர்களோ, அப்படியே தரையையும் அணுக வேண்டும். அழகாக இறங்கிக் காட்டுவதற்கு அங்கே உனக்கு யாரும் மாலை போடக் காத்திருக்கவில்லை.

சிறுவனாக இருந்தபோது உன் பாட்டி உன்னைக் கரையேறவிட்டகுப்பத்துக்கு அழைத்துப்போய், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான் கரைசேர்ந்த கதையைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் கல் எப்படி மிதக்கும் என்று என்னிடம் கேட்டாய். நான் அடர்த்தியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். பாட்டியோ, “மிதந்ததைப் பற்றி நான் எங்கே சொன்னேன், வந்து சேர்ந்ததைப் பற்றித்தானே சொன்னேன்” என்றார்கள். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த நான்கு மாதங்களில் அந்தப் பேச்சு பலமுறை நினைவுக்கு வந்தது.

ஆகவே அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. தொலைபேசியில் வேண்டாம், அடுத்த விடுப்பில் வரும்போது, காலை நடைக்கு அவரோடு வெள்ளிக் கடற்கரைக்குப் போய், நீயும் அவரும் மட்டும் இருக்கும்போது சொல். முதலில் கோபித்துக்கொள்வார், மொய்ப்பணத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். அதன் பிறகு குதிக்கும் நாட்களில் விமானம் ஏறும் முன் ஒரு செய்தியும் இறங்கிய பின் ஒரு செய்தியும் எங்கள் இருவருக்கும் அனுப்பு. நீளமாக வேண்டாம், ‘ஏறுகிறேன்’, ‘இறங்கிவிட்டேன்’ என்றால் போதும். அந்த இரண்டுக்கும் இடையே அரை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். வாரக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அது பெரிதில்லை.

வரும்போது அந்த உயரமானியை மறக்காமல் எடுத்து வா. பள்ளி ஆய்வகத்தில் பழைய ஃபோர்டின் வகைப் பாதரசப் பாரமானி இன்னும் சுவரில் தொங்குகிறது. இப்போதைய தலைமையாசிரியை என் மாணவிதான், கேட்டால் திறந்துவிடுவாள். இரண்டையும் அருகருகே வைத்து, எது எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புடன்,
அம்மா