இந்த ஞாயிறு நீயும் உள்ளே போ

என் அன்பு மகளுக்கு,

பிலடெல்பியாவிலிருந்து ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முற்றத்து வேம்பு பூக்கத் தொடங்கிவிட்டது. போனிலேயே பேசலாம்தான். ஆனால் இந்த விஷயத்தை எடுத்தாலே நீ 'சரிம்மா, அப்புறம் பேசுவோம்' என்று வைத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பேரனின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றித்தான்.

அவனை மாப்பிள்ளை வீட்டாரின் யூத வழிப்படி ஜெப ஆலயத்துப் பள்ளியில் சேர்க்கப் போவதாக நீ சொன்ன அன்று நான் கேட்டது மறக்கவில்லை. 'பெற்றது நீ, வளர்ப்பது நீ, கடைசியில் பிள்ளை அவர்களுக்கா?' என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாய். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆறு மாதமாக அநேகமாக எல்லா ஞாயிறும் அவனோடு உள்ளே போய் உட்கார்ந்து வந்தவள் சொல்கிறேன், கேள்.

அக்டோபரில் சிம்ஹத் தோரா பண்டிகை அன்று நடந்தது நினைவிருக்கிறதா? எல்லோரும் வட்டமாக நிற்க, தோரா என்கிற அவர்களுடைய ஐந்து வேத நூல்களும் எழுதிய அந்தத் தோல் சுருளை முழுக்கப் பிரித்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொடுத்துக்கொண்டே போனார்கள். 3,04,805 எழுத்து, எல்லாம் கையால் எழுதியது. பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுடைய மதகுரு ராபியம்மா என்னிடம் வந்து ஒரு கையுறையைக் கொடுத்து, 'பாட்டி, இந்த ஓரத்தை நீங்கள் பிடியுங்கள்' என்றார். சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி நின்றவளிடம். கடைசி நூலான உபாகமத்தின் கடைசி வரியை வாசித்து முடித்த கையோடு முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கினார்கள். ஒரு வருஷம் வாரா வாரம் வாசித்து முடித்ததை, முடித்த அன்றே மறுபடி ஆரம்பிக்கிறார்கள்! எனக்குத் தொண்டை அடைத்தது. உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். நீ கோட்டு மாட்டுகிற இடத்தில், கதவை ஒட்டி, அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

மற்ற ஞாயிறுகளில் அந்தக் கதவு வரைகூட நீ வரவில்லை. காருக்குள் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாய்.

உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவள் நான், நல்ல வகுப்பு எது என்று பார்த்ததும் தெரியும். ஜனவரியில், அடிமைப்பட்ட தன் மக்களை விடச் சொன்ன மோசேயும் விட மறுத்த எகிப்து அரசன் பார்வோனும் பாடமாக வந்தார்கள். நம் பயல் கையைத் தூக்கி, 'கடவுளே பார்வோன் மனசைக் கடினமாக்கிவிட்டு, அப்புறம் அவனையே தண்டித்தால் அது நியாயமா?' என்று கேட்டுவிட்டான். எனக்குத் திக்கென்றது. ஆசிரியை முகம் மலர்ந்துபோனது. 'இதைப் பெரியவர்கள் பல நூறு வருஷமாகக் கேட்கிறார்கள்' என்று சொல்லி, எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய வாதைகளில் முதல் ஐந்திலும் பார்வோன் தானாகத்தான் மனசைக் கடினமாக்கிக்கொண்டான் என்று 11-ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி எழுதியதைக் காட்டினார். அதோடு விடவில்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, 'இந்தப் பதில் உங்களுக்குப் போதுமா?' என்று பேசவிட்டார். அவர்கள் வேதப் புத்தகத்தில் மூலம் நடுவிலும் உரைகள் சுற்றிலும் அச்சாகியிருக்கும். பரிமேலழகரை வைத்துக்கொண்டு உன் அப்பா ராத்திரியெல்லாம் வாதாடுவாரே, அவர் இருந்திருந்தால் அந்த வகுப்பை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

எழுத்து கற்பிக்கிற விதமும் எனக்குப் பிடித்தது. ஹீப்ருவில் 22 எழுத்து, வலமிருந்து இடம். உயிரொலிக்குப் பெரும்பாலும் எழுத்தின் கீழே புள்ளியும் கோடும். அவற்றைக் கால், கொம்பு மாதிரி நினைத்துக்கொள் என்று நான் சொன்னதும் அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். தோராச் சுருளில் அந்தப் புள்ளிகள் ஒன்றுமே இருக்காது. பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா என்கிற சடங்கு அன்று, கை வடிவ முனை வைத்த குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டு, புள்ளியில்லாமல் வாசிக்க வேண்டும். நம் ஓலைச்சுவடியிலும் புள்ளி கிடையாது, சொல்லை முன்பே அறிந்தவன்தான் படிக்க முடியும் என்று அவனிடம் சொன்னேன். 'அப்போ ரெண்டும் சொந்தக்காரங்களா பாட்டி?' என்றான். சொந்தமில்லை, ஆனால் பழகிக்கொள்ளலாம் என்றேன்.

ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் உதவிக்கு ஒருவர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்று தல்மூது என்கிற அவர்களுடைய பழைய சட்ட நூலிலேயே கணக்கு இருக்கிறதாம். அறுபது பேரை ஒற்றை ஆளாக மேய்த்த எனக்கு அதைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

சரி, உன் மனசில் இருப்பதற்கு வருகிறேன். 'நான் யூதப் பெண் இல்லை, அங்கே எனக்கு என்ன இடம்?' என்பதுதானே? மாப்பிள்ளை எனக்குப் பொறுமையாக விளக்கினார். பழைய முறைப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகள் இன்றும் அதில் நிற்கின்றன. அமெரிக்காவின் ரிஃபார்ம் பிரிவு ராபிகள் 1983-இல்தான், அப்பா அம்மாவில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை அந்த வழியில் படித்து வளர்ந்தால் அவனும் யூதனே என்று தீர்மானித்தார்கள். வளர்ப்பைப் பொறுத்தது என்கிறார்கள் பார். மாப்பிள்ளைக்கு ஞாயிறும் ஆஸ்பத்திரி. பனியில் கார் ஓட்டி அவனைக் கொண்டுவிடுவது யார்? ராத்திரி எழுத்துப் பயிற்சிக்கு உட்காரவைப்பது யார்? அப்புறம் எப்படி உனக்கு இடமில்லை? என்றாவது ஒருநாள் 'நீ யூதனே இல்லை' என்று யாராவது அவனிடம் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன் நீயே அவனுக்கு இதைச் சொல்லிவை. தாயின் வாயால் கேட்டால் அவ்வளவு வலிக்காது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரர் நிற்பதை முதல் நாள் பார்த்ததும் என் கை நடுங்கியது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றதைப் பற்றி என் சம்பந்தியம்மா அன்றே சொன்னார். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் போலீஸ்காரருக்குக் குழந்தைகள் வாரா வாரம் ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு அவனைத் தனியாக அனுப்பாமல் நீயும் கூடப் போ என்பதுதான் என் எண்ணம்.

உங்கள் பிலடெல்பியாவில்தான் 1838-இல் ரெபேக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி அந்த நாட்டின் முதல் யூத ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கினாராம். பாடம் சொன்னவர்களும் பெண்களே.

எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பாஸ்கா பண்டிகை நெருங்குகிறது. அரிசியும் பருப்பும் அந்த எட்டு நாள் ஆகுமா ஆகாதா என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கம் வேறுபடுகிறது, அதனால் இட்லிக்கு ஊறப்போடுமுன் சம்பந்தியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பாஸ்கா ராத்திரி விருந்தில் இருப்பவர்களில் இளையவன்தானே, இந்த ராத்திரி ஏன் மற்றதைப் போல இல்லை என்கிற அந்த நாலு கேள்விகளைப் பாட வேண்டும்? உங்கள் மேஜையில் அது இவன்தான். மூன்றாவது கேள்வியில் எப்போதும் தடுமாறுகிறான். எடுத்துக்கொடுக்க நீ பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு நீயும் அதைப் படித்திருக்க வேண்டும். இந்த ஞாயிறே வகுப்பில் போய் உட்கார். ராபியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், கடைசி வரிசையில் நான் உட்கார்ந்த நாற்காலி உனக்கு.

விருந்தன்று அங்கே பொழுது சாயும்போது இங்கே விடியற்காலை ஐந்து மணி. குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். போனை அவன் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வை.

அம்மா
திருநெல்வேலி