தட்டில் பழுதில்லை, பதிவே அப்படித்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, தட்டுலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லி ராக் ரெக்கார்டுகளைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கீறல், நெளிவு, உறைக்குள் வேறு தட்டு என்றால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறோம். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பெரிய பெயர் எடுத்த சில ஆல்பங்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்ததே அந்த ஒலியோடுதான். இன்னொரு பிரதி கொடுத்தாலும் அதுவும் அப்படியேதான் பாடும். அவை எவை, எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் அலைச்சல் மிச்சம், எங்களுக்கும் வாக்குவாதம் மிச்சம்.

அதிகம் திரும்பி வருவது மெட்டாலிகா குழுவின் 1988 ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. அடித்தொனி தரும் பேஸ் கிட்டாரே கேட்கவில்லை என்பதுதான் எல்லோருடைய புகாரும். ஒருவர் இதற்காக, அடித்தொனியை ஒலிக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் புதிதாக வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எங்களிடம் வந்தார். கடையில் சீல் பிரிக்காத பிரதி ஒன்றைப் பிரித்துப் போட்டுக் காட்டினோம். கிக் டிரம்மின் 'டிக் டிக்' முன்னால் நிற்கிறது, இரண்டு பக்கமும் கிட்டார்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, பேஸ் இருக்கவேண்டிய இடம் காலி. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஜேசன் நியூஸ்டெட் வாசிக்காமல் இல்லை. ரிதம் கிட்டார் போன வழியிலேயே அவருடைய பேஸும் போனதால் பாதி அதற்குள் மறைந்தது. மீதியை, தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் இறக்கிவிட்டார்கள். இறக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் என்று, மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லிவிட்டார். சப்வூஃபர் என்ன செய்யும், பாவம்.

"2018இல் ரீமாஸ்டர் வந்ததே, அதைக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து ஒட்டுமொத்தமாகத் துலக்குவதே ரீமாஸ்டர். குழம்பை இறக்கிய பிறகு உப்பு வேண்டுமானால் சேர்க்கலாம், புளியைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பேஸை மட்டும் ஏற்ற வேண்டுமானால் வாத்தியங்களும் குரலும் தனித்தனித் தடங்களில் உள்ள மூல டேப்புக்கே போய் மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும். மெட்டாலிகா அதைச் செய்யவில்லை.

ஜெத்ரோ டல் குழு அதைச் செய்தது. 1971இல் வந்த 'அக்வாலங்' ஆல்பத்தை, லண்டனில் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றி அமைத்து, திறந்து சில காலமே ஆகியிருந்த ஐலண்ட் ஸ்டூடியோவின் பெரிய கூடத்தில் பதிவு செய்தார்கள். கீழே இருந்த சின்ன ஸ்டூடியோவில் லெட் செப்பலின் தங்கள் நான்காவது ஆல்பத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தது. நல்ல அறை செப்பலினுக்குத்தான் கிடைத்தது என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலே தெரிந்துவிடும். 40ஆம் ஆண்டுப் பதிப்புக்காக 2011இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதை மூல டேப்பிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்தார். அக்கூஸ்டிக் கிட்டாரும் புல்லாங்குழலும் இப்போது தனித்தனியாகக் கேட்கின்றன. கேட்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள். பழைய அச்சு, சேகரிப்பவர்களுக்கு.

ரீமிக்ஸ் என்றாலே தேவலை என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' (1973) டேப்பை மிக்ஸ் செய்யத் தன்னிடம் கொண்டுவந்தபோது, 24 தடங்களில் மூன்றில்தான் ஏதோ இருந்தது என்றார் பாடகர் டேவிட் போவி. ஒன்றில் மொத்த இசைக்குழு, இன்னொன்றில் லீட் கிட்டார், மற்றொன்றில் குழுவின் பாடகர் இக்கி பாப்பின் குரல். டிரம்ஸும் பேஸும் ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? விளைவு, குரலும் கிட்டாரும் கத்த, மற்றதெல்லாம் மெலிந்து போனது. 1997இல் இக்கி பாப் தானே உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் செய்தார். அளவுமானி முள் சிவப்பிலேயே நிற்கும்படி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். வால்யூமைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது, ஒலியின் முகடுகள் பதிவிலேயே வெட்டுப்பட்டுவிட்டன. எங்களுக்குப் போவியின் மிக்ஸ்தான் பிடிக்கும். கடையில் வேலை செய்யும் தம்பிக்கு இக்கி பாப்புடையது. இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

தட்டின் மேலேயே பழி போடக்கூடிய ஒரு ஆல்பமும் உண்டு. டாட் ரண்ட்கிரனின் 'இனிஷியேஷன்' (1975). சாதாரணமாக ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்தில் 20 நிமிடம், கொஞ்சம் இழுத்தால் 25. இவர் ஒரே தட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைத்தார். அத்தனையும் கொள்ள வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலியளவையும் பேஸையும் குறைத்தே ஆகவேண்டும். பக்கத்தின் கடைசிக்கு, அதாவது நடுவட்டத்துக்கு அருகே போகப் போக ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகமும் குறைவதால் உச்ச ஒலிகள் மங்கும். தேய்ந்த ஊசி இந்தத் தட்டைக் கெடுத்துவிடும், சத்தம் போதாவிட்டால் டேப்பில் பதிந்து கேளுங்கள் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்த நேர்மையைப் பாராட்டலாம். இதை மட்டும் சி.டி.யில் வாங்குங்கள் என்று ரெக்கார்டு விற்கும் நாங்களே சொல்கிறோம்.

ஸ்டீலி டானின் 'கேட்டி லைட்' (1975) இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் கருவியின் கோளாறில் மாட்டியது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' பெருமளவு 1971 கோடையில், தெற்கு பிரான்சில் அவர்களுடைய கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த மாளிகையின் நிலவறையில் உருவானது. வெளியே பதிவுக் கருவிகளோடு நின்ற ஸ்டூடியோ லாரி, உள்ளே புழுக்கம், சுருதி இறங்கிக்கொண்டே இருந்த கிட்டார்கள். பாடகர் மிக் ஜாகரின் குரல் வாத்தியங்களுக்குள் புதைந்துதான் கிடக்கும். அந்தக் கலங்கலைத் துடைத்துவிட்டால் அது அந்த ஆல்பமாகவே இருக்காது என்பது எங்கள் கட்சி.

இனி இப்படிப்பட்ட ஆல்பங்களின் உறைமேல், என்ன ஒலியை எதிர்பார்க்கலாம், எந்தப் பதிப்பு தேவலை என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருப்போம். வாங்கும் முன் கேட்க விரும்பினால் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள டர்ன்டேபிளில் போட்டுக் காட்டுவோம். வீட்டில் சந்தேகம் வந்தால், நன்றாக ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறொரு தட்டை முதலில் போட்டுப் பாருங்கள். அதுவும் கரகரத்தால் ஊசியைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், காசு வாங்காமல் பார்த்துத் தருகிறோம். சீட்டு ஒட்டிய ரெக்கார்டு பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் அதே விலையில் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம், பணமாகத் தர இயலாது. சப்வூஃபர் வாங்கியவருக்கும் இதே விதிதான். அவர் ஏற்கெனவே ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்புடன்,
கடைக்காரர்கள்