உன் பாதத்தை வரைந்து அனுப்பு, மகளே

ரோஸ்பட் லகோட்டா ஒதுக்கிடம், டகோட்டா பிரதேசம், அமெரிக்கா
1887, சோக்செரிப் பழம் கறுக்கும் மாதம்

என் அன்பு மகளே,

நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுப் பையன் எழுதுகிறான். அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கிழக்கே பள்ளிக்குப் போய் நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. போகும்போது உனக்குப் பத்து வயது. இப்போது உனக்கு நம் தோல் காலணியான மொக்கசின் தைக்க உட்கார்ந்தால் கால் அளவு தெரியவில்லை. பெற்றவளுக்கே பிள்ளையின் பாதம் தெரியாமல் போய்விட்டதே!

அடித்தோலுக்கு உன் பாட்டியின் பழைய தோல்பையை வெட்டப் போகிறேன். உலர்ந்த இறைச்சி வைத்திருந்தோமே, சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டிய பை, அதுதான். காட்டெருமைத் தோல். இனி அப்படியொரு தோலுக்கு எங்கே போவேன்? வண்ணம் தீட்டிய பக்கம் உள்ளே வரும்படி வைக்கிறேன். பாட்டி இழுத்த கோடுகள் உன் பாதத்தோடு ஒட்டியிருக்கட்டும்.

தைப்பதற்கு, அரசாங்கம் ரேஷனாகத் தரும் மாட்டின் முதுகுநார். இழை பிரித்து, வாயில் ஈரப்படுத்தி, நுனியை மட்டும் காயவிட்டால் ஊசியே வேண்டாம். துளை போடும் குத்தூசி தோலின் மேற்பரப்பில் மட்டும் ஓட வேண்டும், மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஏழெட்டு மணிகளை ஒன்றாகக் கோத்து இரண்டு முனையிலும் இறுக்கினால், வரிசை லேசாக மேடு தட்டி நிற்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து நீல மணியையும் வெள்ளை மணியையும் பிரித்துக் கொடுப்பாயே, நினைவிருக்கிறதா?

நீ போன அந்த 1883-இலேயே நம் புனிதச் சடங்கான சூரிய நடனத்துக்கும் தடை வந்தது. வேட்டையும் போயிற்று. ஆனால் எங்கள் கைகள் ஓயவில்லை. ரேஷன் சீட்டு வைக்கும் சின்னப் பைக்குக்கூட மணி தைத்திருக்கிறோம்.

ஒன்று கேட்க வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பே உனக்காக ஆமை வடிவில் ஒரு பை தைத்தேன். தொப்புள்கொடி விழுந்ததும் அதற்குள் வைத்து மூடினேன். ஆமைக்கு உயிர் கெட்டி, உனக்கும் அப்படியே இருக்கட்டும் என்று. போகிற அன்று உன் உடுப்புக்குள் அதைக் கட்டிவிட்டேன். அங்கே சேர்ந்த அன்றே உடுப்பையெல்லாம் வாங்கிக்கொள்வார்கள் என்று திரும்பி வந்த பிள்ளைகள் சொன்னார்கள். ஆமை உன்னிடம் இருக்கிறதா? பறித்தவர்களுக்கு அது மணி தைத்த பொம்மை. நீயும் நானும் ஒரே உடம்பாக இருந்ததற்கு மிச்சம் அது ஒன்றுதான், மகளே. தொலைந்திருந்தாலும் மறைக்காமல் சொல். உன்னைக் கோபிக்க மாட்டேன்.

சில இரவுகளில் ‘இனா, இனா’ என்று நம் மொழியில் அம்மாவை நீ கூப்பிடுவது கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒரு காகிதத்தின் மேல் வெறுங்காலை நன்றாக ஊன்றி நில். தோழி யாரையாவது சுற்றிக் கோடு போடச் சொல். நீயே குனிந்து வரைந்தால் அளவு தப்பிவிடும். இரண்டு காலும் வேண்டும். வளர்கிற பெண், விரல் பக்கம் கொஞ்சம் இடம் விட்டே வெட்டுகிறேன்.

உன் இனா