சுற்றறிக்கை அடிக்கிறவர்களுக்கு ஒரு மடல்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஆணையும் சுற்றறிக்கையும் தயாரிக்கிற அலுவலர்களுக்கு,

வணக்கம். என் நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர், பார்வையற்றவர். போனில் இருக்கும் திரைவாசிப்பான் படித்துச் சொல்லத்தான் தினமும் செய்தி கேட்கிறார். போன மாதம் அவருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. போன் அதைத் தமிழாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஏதேதோ ஆங்கில எழுத்தாக உளறியிருக்கிறது. கடைசியில் நான்தான் படித்துச் சொன்னேன். வெறும் விடுப்புக் கணக்கு, ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் தனக்கு வந்த கடிதத்துக்கு இன்னொருவர் கண் வேண்டியிருந்தது அவருக்கு உறுத்தியது.

காரணம், அதை அடித்த பழைய எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது மேல்பூச்சுதான். 'அம்மா' என்று அடித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கணினி சேமிக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பூச்சு உதிர்ந்துவிடும். கூகுளில் தேடினாலும் கிடைக்காது.

1990களில் வேறு வழியில்லை, ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். அதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்ற தமிழ்க் கணினி மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் வழியாக வந்தது. 2010இல், எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டையும், தமிழுக்கென்றே அமைந்த டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்து அரசே ஆணை போட்டது. 2019இல் மா, காணி, முந்திரி என்று பழைய நிலக்கணக்கில் எழுதிய பின்னக் குறிகள்கூட யூனிகோடில் ஏறிவிட்டன. காணிக்கு இடம் கிடைத்துவிட்டது, என் நண்பரின் விடுப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை!

உங்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல வரவில்லை. லோயர், ஹையர் தேர்வுகளுக்கு டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் புது விசைப்பலகையில் தடுமாறும். பத்து வருடக் கோப்புகளும் பழைய எழுத்துருவிலேயே கிடக்கும். போன வருட ஆணையைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவதுதானே அலுவலக வழக்கம்? ஆனால் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: அதே டைப்ரைட்டர் அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம். விரலை மாற்ற வேண்டாம், மென்பொருளில் தேர்வை மாற்றினால் போதும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள், சில எழுத்துகள் பிசகும்.

அப்புறம், கையெழுத்துக்காக அச்செடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம். அதோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

அனுப்புமுன் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழாகத் தெரிந்தால் சரி, அனுப்பலாம்.

அன்புடன்,
சுற்றறிக்கை படித்துச் சொல்லும் நண்பன்