மன்னிப்புக் கேட்டால் ஐடி திரும்பாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆப் டாக்சி ஓட்டுநர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 'ஐடி பிளாக் ஆனால் பணிவாக மன்னிப்புக் கேட்டு எழுதினால் போதும்' என்றொரு வரி வந்திருக்கிறது. ஐடி பிளாக் என்றால், ஆப்பில் ஓட்டுநரின் கணக்கை நிறுவனம் முடக்கிவிடுவது. பல ஆண்டு வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் நொந்துவிட்டது. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். 'ஓட்டுநரே ஒத்துக்கொண்டார்' என்று குறித்துவிட்டால் அடுத்த மனுவுக்கும் அதுவே முட்டுக்கட்டை.

பிளாக்கில் எத்தனையோ வகை உண்டு. இன்சூரன்ஸோ எஃப்.சி.யோ (வண்டியின் தகுதிச் சான்று) பெர்மிட்டோ முடிந்திருந்தால் கெஞ்ச வேண்டியதே இல்லை. புதுப்பித்த சான்றை நான்கு மூலையும் தெரியப் படமெடுத்து ஏற்ற வேண்டும். ஆள் சரிபார்க்க ஆப் கேட்கும் செல்ஃபி பொருந்தவில்லை என்றால் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமும் லைசென்ஸும் போதும். பயணி புகார்தான் கஷ்டமானது.

அதற்கு முதல் வேலை, ஆப் முழுதாக மூடுவதற்குள் பிளாக் செய்தி, ட்ரிப் ஹிஸ்டரி, ரேட்டிங் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. டேஷ்கேம் (வண்டிக்குள் பொருத்தும் கேமரா) இருந்தால் அன்றே மெமரி கார்டைக் கழற்றிவிட வேண்டும். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். வெட்டிய வீடியோவை அனுப்பினால் நல்ல சான்றும் சந்தேகத்துக்கு ஆளாகும். டோல் தாண்டிய நேரத்துக்கு ஃபாஸ்டாக் கணக்கு சாட்சி.

மனு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. மேலே பதிவுப் பெயர், செல் எண், வண்டி எண், பிளாக் ஆன தேதி, நிறுவனம் முறையீட்டுக்குத் தரும் டிக்கெட் எண். பிறகு நிறுவனம் சொன்ன காரணம், அவர்கள் வார்த்தையிலேயே. அதன் கீழே அந்த ட்ரிப் மட்டும்: எத்தனை மணிக்கு ஏறினார், எந்த வழி, எங்கே இறங்கினார், எதற்கு எந்தப் படம் சான்று. கடைசியில் ஒரே கோரிக்கை: ஐடியைத் திறங்கள், இல்லையேல் எந்த ட்ரிப், என்ன புகார் என்று எழுத்தில் தாருங்கள். வண்டி டியூவும் பிள்ளைகள் ஃபீஸும் உண்மைதான். ஆனால் அவற்றை வைத்து மனுவைத் தொடங்கினால் படிப்பவருக்குச் சரிபார்க்க எதுவும் இருக்காது. தப்பு நிஜமாகவே நடந்திருந்தால் ஒரு வரியில் ஒத்துக்கொண்டு, திரும்ப நடக்காமலிருக்கச் செய்ததைச் சொல்லலாம்.

பதில் வராவிட்டால் அதே டிக்கெட்டில்தான் தொடர வேண்டும். மனைவி பெயரில் புது ஐடி எடுத்து அதே வண்டியை ஓட்டினால், மாட்டும் நாளில் இரண்டுமே போய்விடும்.

இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் ஸ்ட்ரைக் நடந்தால் 'பயணிகள் அவதி' என்றுதான் தலைப்பு வருகிறது. அண்ணா நகரில் ஆப் தொழிலாளர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தபோது பெரிய படம் போட்டீர்கள். 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் ஆப் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அறிவித்ததும் முதல் பக்கத்தில் வந்தது. வாரியத்தில் பதிந்திருப்பதால் மட்டும் பிளாக் ஆன ஐடி திரும்பாது என்று ஒரு வரி வரவில்லை. ஆப் தொழிலாளர்களுக்கான கர்நாடகத்தின் 2025 சட்டம், வேலையிலிருந்து நீக்கும் முன் காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புத் தரச் சொல்கிறது. இங்கே ராத்திரி ஒரு மெசேஜ், விடிந்தால் வேலை இல்லை. இதை எப்போது எழுதுவீர்கள் ஐயா?

இப்போதைக்கு அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போடுங்கள். ஸ்டாண்டில் வெட்டி ஒட்டும்படி கட்டம் கட்டி வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓட்டுநர்களுக்கு மனு எழுதித் தரும் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை