வில்லேஜ் வான்கார்டில் முதலில் ஒலித்தது சிரிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, அது பிறந்த நாள்முதல் ஜாஸ் கிளப்பாகவே இருந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கவிதை, நகைச்சுவை, நாட்டுப்பாடல் என எல்லாம் கலந்தே நடந்தன. அதை விட்டுவிட்டு இந்த இடத்தின் கதையைச் சொல்வது அநியாயம்.

மேக்ஸ் கார்டன் 1934இல் சார்லஸ் தெருவில் அதைத் தொடங்கியபோது நிகழ்ச்சி நடத்த உரிமம் கிடைக்கவில்லை. இரண்டு கழிப்பறை, இரண்டு வாசல், தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் 200 அடி தள்ளிய இடம் என்பவை நிபந்தனைகள். அப்படித் தேடித்தான் 1935இல் செவன்த் அவென்யூ சவுத், 178ஆம் எண் கட்டடத்தின் நிலவறையைப் பிடித்தார். மதுவிலக்குக் காலத்தில் திருட்டுத்தனமாக மது விற்ற இடம் அது. 15 படி இறங்கினால் முக்கோண அறை, 123 இருக்கை.

1930களின் கடைசியில் 'ரெவ்யூவர்ஸ்' என்ற நகைச்சுவைக் குழு இங்கேதான் பெயர் வாங்கியது. ஜூடி ஹாலிடே, பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் எல்லாரும் அதில் இருந்தார்கள். பிறர் எழுதியதை நடிக்க உரிமைத்தொகை கட்டப் பணமில்லை, தாங்களே எழுதினார்கள். காம்டனும் கிரீனும் எழுத்தாளர்களானது இந்த வறுமையால்தான். பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் சில இரவுகளில் அவர்களுக்குப் பியானோ வாசித்தார்.

1950களில் நகைச்சுவைக் கலைஞர்களைத் தொலைக்காட்சி இழுத்துக்கொண்டது. 1957இல் கார்டன் முழுக்க ஜாஸுக்கு மாறினார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் பியானோவே இல்லாமல், சாக்ஸஃபோன், பேஸ் (கனத்த தாழ்சுருதி தரும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ் மட்டும் கொண்டு அங்கே ஒலிப்பதிவு செய்தார். அந்த அறையில் அது எடுபட்டதற்குக் காரணம் உண்டு. எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருந்தால் ஒலி இரண்டுக்கும் நடுவே மாறிமாறி மோதி அதிரும். முக்கோணத்தில் அந்தத் தொல்லை குறைவு. கடைசி மேசையும் மேடைக்குப் பக்கம்தான். கவிஞரின் குரல் எட்டிய இடத்துக்குப் பேஸ் எட்டாமல் போகுமா?

மேசைகள் அவ்வளவு நெருக்கம் என்பதால் மைக்கில் எல்லாமே விழும். 1961 ஜூன் 25 அன்று பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு ஐந்து சுற்று வாசித்த பதிவில் கண்ணாடிக் கோப்பைகளின் கிணுகிணுப்பும் பேச்சும் கேட்கும். முதல் பாட்டிலேயே மின்சாரம் தடைப்பட்டு ஒலி அறுந்தது. பின்னாளில் வந்த முழுத் தொகுப்பில் அந்த அறுபட்ட பதிவையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வாசகர்கள் அதைத் தவறாமல் கேட்க வேண்டும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, பதினொரு நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 25.

ஒரு வாசகர்,
திருச்சி