ஆண்டறிக்கை: பெயிண்டுக்கு முன் கதவு வயரிங்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூர், காவேரிப்பட்டணம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்திருக்கும் பழைய கார் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. கே.ஆர்.பி. அணைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் எந்த வண்டியும் வழியில் நிற்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக, இந்த ஆண்டு நம் பட்டறை வகுப்புகளில் அதிகம் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் பத்மினி கார் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்து புதுவண்டி போல வந்தது. சில வாரங்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் பியூஸ் போக ஆரம்பித்தது. கதவு மூடியிருந்தால் ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தால், கீல் அருகே, கதவு மாட்டும் தூணான பில்லரில், வயர் நுழையும் ஓட்டையில் குரோமெட் இல்லை, அதாவது வயர் தகட்டில் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம். பெயிண்ட் அடிக்கக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்து, கம்பி பாடியில் பட்டிருந்தது. பியூஸ் இருந்ததால் வண்டி தப்பியது. அதற்குப் பிறகுதான் கதவு வயரிங்குக்கென்றே வகுப்புகள் வைத்தோம்.

நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் அம்பாசிடரும் பத்மினியும். இவற்றின் கதவுக்குள் கம்பெனி போட்ட வயர் கிடையாது. கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றுவோம். உள்விளக்கின் சுவிட்ச் கதவில் அல்ல, பில்லரில் இருக்கும். ஸ்பீக்கர், சென்ட்ரல் லாக், பவர் விண்டோ எல்லாம் பிற்பாடு யாரோ சேர்த்தவை. அதற்காகப் பில்லரிலும் கதவிலும் டிரில் போட்டிருப்பார்கள். டிரில் போட்ட ஓட்டை பிளேடு மாதிரி. பிசிறை உருட்டு அரத்தால் தேய்த்து, வெறும் இரும்பில் பிரைமரும் பெயிண்டும் தொட்டு, காய்ந்த பிறகு அளவான குரோமெட்டைப் பொருத்த வேண்டும். உள்ளே தள்ள எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஓட்டைகள் இருக்கும் இடமும் முக்கியம். பில்லரில் ஒன்றும் கதவில் ஒன்றும் நேருக்கு நேர் இருந்தால், கதவு மூடும்போது வயர் ஒரே புள்ளியில் மடியும். ஒன்றைச் சற்று மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்தால் மடிவதற்குப் பதில் நீளமாக முறுகும். அதுதான் அதிக நாள் தாங்கும். இடையில் பெல்லோஸ் ரப்பர், அதாவது மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், போட வேண்டும். கதவை முழுதாகத் திறந்தாலும் இழுபடாத அளவு, மூடினால் கீலில் சிக்காத அளவு தொய்வு விடுங்கள். பழைய வண்டியின் பி.வி.சி. தோல் வயதாகி விறைத்திருக்கும், வளைத்தால் விரிசல் தெரியும். அந்தப் பகுதியில் நுண்கம்பிகள் நிறைந்த புது வயரையே போடுங்கள். வளையும் இடத்தில் ஒட்டு கூடவே கூடாது. ஈயம் வைத்த இடம் விறைத்துப்போய், அதன் ஓரத்திலேயே கம்பி முறியும். கறுப்பு டேப் சுற்றினால் நம்மூர் சித்திரை வெயிலில் பசை கசிந்து தூசியைப் பிடிக்கும். துணி டேப்பும் ஸ்லீவும் மேல்.

கம்பியில் பாதி அறுந்தால் வண்டி உடனே காட்டிக் கொடுக்காது. பவர் விண்டோ மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் 0.2 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய், கண்ணாடி மெதுவாக ஏறும். எல்லோரும் மோட்டாரைக் குறை சொல்வார்கள். மீட்டரை வைத்துக்கொண்டு கதவை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். முள் ஆடினால் கோளாறு கீல் பக்கம்தான்.

எந்த வயரிலிருந்து கரண்ட் எடுப்பது என்று பலர் கேட்டீர்கள். அம்பாசிடர், ஹெரால்டு போன்ற பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் லூகாஸ் கம்பெனியின் வயர் நிற முறை இருக்கும். பழுப்பு நேராகப் பாட்டரியிலிருந்து வருவது, அதற்குப் பியூஸ் இல்லை, அதைத் தொடாதீர்கள். ஊதா வயரில் பியூஸ் வழியாக எப்போதும் கரண்ட் இருக்கும். பச்சை வயரில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும், அதுவும் பியூஸ் வழியாக. கறுப்பு எர்த். பலர் கை வைத்த வண்டியில் நிறத்தை நம்பாமல் சோதித்துவிட்டே இணையுங்கள். பவர் விண்டோவுக்குப் பழைய வயரில் ஒட்டாமல் ரிலேயும் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) தனிப் பியூஸும் வைப்பதுதான் சரி.

அப்புறம் தண்ணீர். கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பட்டி அடைத்துவிடாமல் பாருங்கள். கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். வயரைக் கண்ணாடி ஏறி இறங்கும் வழியிலிருந்து விலக்கி கிளிப் போடுங்கள்.

2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள பழம்பெரும் வாகனப் பதிவு கிடைக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதை எண்ணியிருப்பவர்கள் கதவில் புது ஓட்டை போடுமுன் யோசியுங்கள். என் கருத்து, அப்படிப்பட்ட வண்டிக்குக் கையால் சுற்றும் கண்ணாடியே அழகு.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் வேண்டுகோள்: வண்டியைப் பெயிண்டுக்கு விடுமுன் பாட்டரியைக் கழற்றி, கதவு வயர்களைப் படம் எடுத்து, உருவி, கழற்றிய ரப்பர்களைப் பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பில்லரில் வெல்டிங் இருந்தால் இது கட்டாயம். பல அளவுக் குரோமெட்டுகளை மொத்தமாக வாங்கிச் சங்கத்தில் வைக்கவும், கதவு பிரிக்கும் ஒவ்வொரு வண்டியையும் பூட்டுமுன் இன்னொரு உறுப்பினர் பார்க்கவும் ஒப்புதல் கோருகிறேன்.

வகுப்புகளுக்குத் தம் பட்டறையைத் திறந்துவிட்ட ஆட்டோ எலக்ட்ரீஷியன் நண்பர்களுக்குச் சங்கத்தின் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயலாளர்